வெறும் வயிறும் பதினேழு வளைவுகளும்

இன்றைக்கு நம் பக்கத்தில் ஒரு பெண் கர்ப்பம் என்று பதிவு செய்யப் போனால், ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரைக் கையில் கொடுத்து, குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொல்கிறார்கள். "காலையில சாப்பிட்டியா, வெறும் வயித்தோட வந்திருக்கியா" என்று யாரும் கேட்பதில்லை. எப்படி வந்திருந்தாலும் சரிதான். இந்தக் கேள்வி காணாமல் போனது சின்ன விஷயமாகத் தோன்றும். முப்பது வருஷம் லேபில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அது சின்ன விஷயமில்லை. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் முக்கியமான பக்கம் நம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது.

நான் 1981ல் லேப் டெக்னீஷியனாக அரசு வேலையில் சேர்ந்தேன். அப்போது தேனி மாவட்டம் கிடையாது, போடியும் மதுரை மாவட்டம்தான். கர்ப்பிணிக்குச் சர்க்கரை பார்ப்பது என்றால் சிறுநீரில் பார்ப்பதுதான். டெஸ்ட் டியூபில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் பிடித்துக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஏராளம். என் வயதுக்காரர்களில் பலர் வீட்டிலேயே இதைச் செய்திருப்பீர்கள்.

ஆனால் கர்ப்பிணியிடம் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். சாதாரண ஆளுக்கு ரத்தத்தில் சர்க்கரை 180 அளவைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். கர்ப்ப காலத்தில் அந்த வரம்பு இறங்கிவிடுகிறது. அதனால் நோயே இல்லாத பெண்ணுக்கும் டியூபில் பச்சை வரும். கடைசி மாதங்களில் பால் சர்க்கரையும் கலந்து வந்து நிறத்தைக் காட்டும். இன்னொரு பக்கம், ரத்தத்தில் 150, 160 என்று நின்று குழந்தையைக் கெடுத்துக்கொண்டிருக்கும் சர்க்கரை, பலரிடம் சிறுநீரில் தலையையே காட்டாது. "மாசமா இருந்தா பச்சை வரத்தான்யா செய்யும், விடு" என்பது அன்றைக்கு எங்கும் கேட்ட பேச்சு. விட்டுவிடுவார்கள்.

1986 என்று நினைவு. மலையடிவாரத்திலிருந்து ஒரு பெண் மூன்றாவது கர்ப்பத்தோடு வந்திருந்தார். முதல் இரண்டும் நிறைமாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தவை. இரண்டுமே பெரிய குழந்தைகள். கூட வந்த மாமியார் கைகளை அகல விரித்து அளவைக் காட்டினார். "ராசா கணக்கா இருந்துச்சு தம்பி, கண்ணு பட்டுருச்சு" என்றார். உச்சி நேரத்தில் ஓடையைத் தாண்டினாள், காற்று அடித்துவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சும் இருந்தது. அந்தத் தடவை வந்திருந்த டாக்டரம்மா, பெரிய குழந்தை, இரண்டு முறை காரணம் தெரியாத இறப்பு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லி எழுதினார். ஆர்த்தோ டொலுடின் முறை. நெடியடிக்கும் அசிட்டிக் அமிலத்தில் கொதிக்க வைத்து, வருகிற பச்சையின் அடர்த்தியை அளக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். சாப்பிட்ட பிறகு 240. அந்தப் பெண்ணை மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே இன்சுலின் போட்டு, நாள் முற்றும் முன்பே ஆபரேஷன் செய்து ஒரு பையனை உயிரோடு எடுத்தார்கள். கண்ணேறு கழித்ததால் பிழைத்தது என்று மாமியார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை மறுத்துப் பேசி எனக்கு என்ன ஆகப்போகிறது?

இன்சுலின் வருவதற்கு முன் உலகம் முழுவதும் இதே நிலைதான். சர்க்கரை முற்றிய பெண் கருத்தரிப்பதே அரிது. கருத்தரித்தால் தாயா பிள்ளையா என்று கேட்க வேண்டிய நிலை, பல நேரம் இரண்டுமே இல்லை. 1882ல் லண்டனில் மாத்யூஸ் டங்கன் என்ற மகப்பேறு மருத்துவர் இப்படிப்பட்ட பெண்களின் விவரங்களைத் தேடித் தொகுத்தார். மொத்தமே பதினைந்து பேர் சொச்சம்தான் கிடைத்தார்கள். படித்தால் சாவுக் கணக்காகத்தான் இருக்கும்.

1921ல் கனடாவின் டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும், 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்ப்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டதும் பலரும் அறிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு இங்கே வேண்டியது. சர்க்கரை உள்ள சிறுமிகள் சாகாமல் வளர்ந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், கர்ப்பமானார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் கிளினிக்கில் 1924ல் சேர்ந்த பிரிஸில்லா ஒயிட் என்ற டாக்டரம்மா, இந்த ஒரு பிரச்சினைக்கே ஐம்பது வருஷத்தைக் கொடுத்தார். அவர் சேர்ந்தபோது அங்கே இப்படிப் பிறந்த குழந்தைகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தங்கின. 1974ல் அவர் ஓய்வு பெற்றபோது அது 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. எத்தனை வருஷமாகச் சர்க்கரை, கண்ணும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துத் தாய்மாரை அவர் வகை பிரித்த முறைக்கு ஒயிட் வகைப்பாடு என்றே பெயர். அந்தக் காலத்தில் சீட்டில் ஆங்கில எழுத்து ஒன்றை மட்டும் டாக்டர்கள் எழுதுவார்கள். எங்களுக்கு அதைப் பார்த்தாலே கேஸ் எவ்வளவு சிக்கல் என்று தெரிந்துவிடும்.

சரி, தாய்க்குச் சர்க்கரை என்றால் பிள்ளை ஏன் பெருக்க வேண்டும்? இதை விளக்கியவர் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருந்த யோர்கன் பெடர்சன், 1950களின் தொடக்கத்தில். கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். தாயின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி என்ற மடை வழியாகப் பிள்ளைக்குத் தாராளமாகப் போகும். தாயின் இன்சுலின் போகாது, மடை அதை விடாது. வந்து குவிகிற சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் குட்டிக் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. அதனால் பிள்ளைக்குக் கொழுப்பு ஏறுகிறது, தோள் அகலமாகிறது. பிறக்கும்போது தலை வந்து தோள் மாட்டிக்கொள்கிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் மடை அடைபட்டுவிடும், ஆனால் பிள்ளையின் இன்சுலின் உடனே நிற்பதில்லை. சற்று நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்குகிறது. நாலு கிலோ இருக்கிறது, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று வீட்டார் சர்க்கரைத் தண்ணீரும் மிட்டாயுமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு.

இதெல்லாம் முன்பே சர்க்கரை இருந்த பெண்களைப் பற்றியது. கர்ப்பத்தில் மட்டும் தலைகாட்டும் சர்க்கரையைக் கண்டுபிடிக்க அளவுகோல் வந்தது 1964ல். அதுவும் பாஸ்டனில்தான். ஓ'சல்லிவன், மஹான் இருவரும் 752 கர்ப்பிணிகளைச் சோதித்து அதை வகுத்தார்கள். 100 கிராம் குளுக்கோஸ், வெறும் வயிற்றில் ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறையாக மூன்று முறை, ஆக நாலு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். இது யாருக்கு என்று முடிவு செய்ய, அதற்கு முன் வேறொரு நாளில் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து ஒரு சோதனை. பாஸ்டன் பெண்ணுக்கு அது சரி. காரில் வந்துவிட்டுப் போவாள்.

நம்மவர்களை எண்ணிப் பாருங்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து சோறாக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அந்தப் பக்கம் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை என்று தோட்டங்களுக்குப் போய்க் களையெடுத்து, காயெடுத்து, இருட்டும்போது திரும்புவார்கள். மேலே தோட்டத்திலேயே லயத்தில் தங்கியிருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். நான் அவர்களிடம் "நாளைக்கு வெறும் வயித்தோட வா" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பெண் கேட்டாள்: "அண்ணே, மாசமா இருக்கிறவ வெறும் வயித்தோட அத்தன வளைவு இறங்கி வந்தா உங்க வாசல்ல வந்து விழுவேன், பரவால்லயா?" மறுநாள் வரவில்லை. வராதவர்களே அதிகம். குற்றம் அவர்கள் மேல் இல்லை. ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, இரண்டாவது நாளும் வா என்றால் யார் வருவார்கள்?

இந்த முடிச்சை அவிழ்த்தது சென்னை. சென்னை இந்தத் துறையில் பழைய ஊர். பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948லேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கியவர். 1978ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் அரசுப் பொது மருத்துவமனையிலும் சர்க்கரை நோய்க்குத் தனித் துறையை உருவாக்கியவர் டாக்டர் வி. சேஷையா. கர்ப்பிணிகளின் சர்க்கரையையே அவர் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். (2022ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பிறந்த மார்ச் 10ஐக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.) அவரும் உடனிருந்தவர்களும் தமிழ்நாட்டில் 12,056 கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள். நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அதாவது கிராமத்திலேயே பத்துக்கு ஒருத்தி. நானெல்லாம் நூற்றுக்கு ஒன்றிரண்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வரச் சொல்லாதே, வந்த அன்றைக்கே சோதித்துவிடு என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த வழி. 75 கிராம் குளுக்கோஸ், ஒன்றரை டம்ளர் தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை. 2007ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று உத்தரவு போட்டது. மத்திய அரசு 2014ல் நாடு முழுமைக்கும் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இந்த முறையே இருக்கிறது. பதிவுக்கு வரும் முதல் நாளில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தால் வாந்தி குறையும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, எங்கள் ஆயாம்மா.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை 2006ல் 6,000 ரூபாயாக உயர்ந்ததும் இந்தச் சமயத்தில்தான். பதிவுக்குக் கூட்டம் வந்தது, வந்த கூட்டத்தைச் சோதிக்கவும் வழி இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று கை கொடுத்தன என்பது நான் கண்ணால் கண்டது.

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. 2009ல் சேஷையா குழுவினர் 800 பெண்களிடம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட வயிற்றிலும் சோதித்து, இரண்டும் ஒன்றுதான் என்று எழுதினார்கள். 2014ல் டாக்டர் வி. மோகன் குழுவினர், வெறும் வயிற்றுச் சோதனையில் சிக்கும் பெண்களில் பாதிப் பேரைக்கூட இந்த முறை பிடிக்கவில்லை என்று எழுதினார்கள். மோகன் வேறு யாருமில்லை, ஸ்டான்லியில் கிளினிக் தொடங்கிய விஸ்வநாதனின் மகன்தான். பெரியவர்கள் வாதாடட்டும், அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. என் பக்கத்து நியாயம் வேறு. திருத்தமான சோதனைக்கு வராமலே போகிற பெண்ணை எந்தச் சோதனையும் பிடிக்காது. நோட்டில் பெயர் எழுதி எதிரே "வரவில்லை" என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்.

ஆனால் இந்த வெற்றியிலும் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பிள்ளைக்கு இதயம், மூளை, முதுகுத்தண்டு எல்லாம் உருவாகி முடிவது முதல் ஏழெட்டு வாரத்துக்குள். நாள் தள்ளிப்போய், வீட்டில் சொல்லி, நர்ஸம்மாவிடம் பதிந்து, குளுக்கோஸ் குடிக்கும்போது அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். கர்ப்பத்தில் புதிதாக வரும் சர்க்கரைக்கு இது பெரிய குறையில்லை. அது பெரும்பாலும் பின் மாதங்களில்தான் ஏறும். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருக்கும் பெண்ணுக்குத்தான் ஆபத்து. அவள் அதைத் தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். முன்பெல்லாம் இருபது வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை என்றால் ஆஸ்பத்திரியே எட்டிப் பார்க்கும். இப்போது முப்பதுக்குள் மாத்திரை போடுகிற பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இதற்கு என்ன செய்வது என்பது உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. 1976லேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜூடித் ஸ்டீல் என்ற டாக்டரம்மா, கர்ப்பமாவதற்கு முன்பே சர்க்கரை உள்ள பெண்களை வரவழைத்துத் தயார்படுத்தும் கிளினிக்கைத் தொடங்கிவிட்டார். கிழக்கு ஜெர்மனியில் கார்ல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஃபூர்மன் குழுவினர் 1983ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. கர்ப்பமான பிறகு கட்டுப்பாட்டுக்கு வந்த 292 பேரின் குழந்தைகளில் 22 பேருக்குப் பிறவிக் குறை. முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து பிறகு கருத்தரித்த 128 பேரில் ஒரே ஒரு குழந்தைக்கு. இதைவிடத் தெளிவாக ஒரு கணக்கு இருக்க முடியுமா?

எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரி 6.5க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது, 10க்கு மேல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும் என்கிறார்கள். ஃபோலிக் அமில மாத்திரையை முன்பே தொடங்க வேண்டும். ரத்தக் கொதிப்புக்கும் கொழுப்புக்கும் போடும் சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கண்ணைக் காட்டிவிட வேண்டும். நம் ஊரில் இதைச் சொல்ல இடம் எங்கே? கல்யாணமான மறுமாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கிற ஊர் இது. பெண்ணுக்குச் சர்க்கரை என்பதைக் கல்யாணத்துக்கு முன் மறைப்பார்கள், கல்யாணத்துக்குப் பின் அவளே மறைப்பாள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வயதானவர்களுக்கு அது பெரிய வரம். அந்தப் பையில் மாத்திரை வாங்குகிற சின்ன வயதுப் பெண்ணிடம், "அடுத்து பிள்ளை பெத்துக்கிற எண்ணம் இருக்கா தாயி" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிட்டால், கார்ல்ஸ்பர்க் நம் தெருவுக்கே வந்துவிடும்.

அப்படி ஒரு முறை நடந்து பார்த்திருக்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண், வயது 26 இருக்கும். முதல் பிள்ளை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்து இரண்டாம் நாள் இறந்துவிட்டது. அப்போதுதான் சர்க்கரையே தெரிந்தது. பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும் என்ற விதியை எங்கள் நர்ஸம்மா விடாமல் பிடித்து, வீடு தேடிப் போய்க் கூட்டிவந்தார். சர்க்கரை போகவில்லை. ரத்தத்தைத் தேனியில் ஒரு தனியார் லேபுக்குக் கொடுத்துவிட்டோம், சராசரி 10.4. இது 7க்காவது கீழே இறங்கும் வரை கர்ப்பம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "போன பிள்ளைய மறக்க ஒரு பிள்ள வேணும், நீங்க நிப்பாட்டுறீக" என்று லேப் வாசலில் நின்று சத்தம் போட்டார். புருஷன்காரன் மட்டும் வாயைத் திறக்காமல் நர்ஸம்மா கொடுத்த நிரோத் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

ஐந்து மாதம். காலையும் இரவும் இன்சுலின். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. புது மண்பானையில் பாதி தண்ணீர் வைத்து, பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அதில் இறக்கி, நிழலில் வைக்கச் சொன்னோம். சிவப்பு மூடி ஊசியைத் தவிர வேறு எதையும் மருந்துக் கடையில் வாங்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். நம் இன்சுலின் 40 யூனிட், வேறு ஊசியில் அளந்தால் கணக்குத் தப்பும். ஜீப்பில் ஏறும்போது மடியில் இரண்டு கடலை மிட்டாய், சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால் போட்டுக்கொள்ள. சோறு குறைந்து கேப்பையும் கீரையும் பாசிப்பயறும் ஏறின. கணக்கு எழுதத் தெரியாது, சாப்பிட்டு இரண்டு மணி கழித்துக் குத்திப் பார்த்த எண்ணைப் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையன் நோட்டில் எழுதிக் கொடுப்பான். 6.8 வந்த அன்று டாக்டரம்மா சரி என்றார். அதற்கு அடுத்த மூன்றாவது மாதம் நாள் தள்ளிப்போயிற்று. ஃபோலிக் அமிலம் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

எட்டாம் மாதம் ஜீப்பை நிறுத்தினாள். பிறந்தது பெண் குழந்தை, 2 கிலோ 900. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து நான்தான் சர்க்கரை பார்த்தேன், 62. கத்தித் தீர்த்தது. வெளியே வந்து எடையைச் சொன்னதும் மாமியார் முகம் சுருங்கியது.

"இம்புட்டுத்தானா" என்றார்.